மாஸ்டர் படித்த பேரழிவுகள்

ஒருவர் என்ன படிக்கிறார் என்பதை அவருடைய ரசனை தீர்மானிக்கிறது என்று சொல்வார்கள். மாஸ்டர் விஷயத்தில் அதைத் தீர்மானித்தது ஒரு மின்விசிறி.

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். ஒரே ஒரு கார், வீட்டின் முன்னறையில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் அவர் மனைவி. பள்ளி என்பது அவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாள், தேறிவிட்டார்கள் என்று அவர் நம்புகிற மாணவர்களை லைசென்ஸ் தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு போவார். தேர்வு மைதானத்தில் அவருக்கு வேலை கிடையாது. இன்ஸ்பெக்டர் வந்து மாஸ்டரின் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். மாஸ்டர் இறங்கி வெயிலில் நிற்க வேண்டும். மைதானத்தை ஒட்டி ஒரு கிளை நூலகம் இருந்தது. அதில் சுற்றுகிற மின்விசிறி ஒன்றுதான். அதற்கு நேர் கீழே இருந்த அலமாரியில் வரலாறு, பயணம், விபத்து எல்லாவற்றையும் சேர்த்து அடுக்கியிருந்தார்கள். காதல் கதைகள் ஜன்னலோரம் புழுங்கிக்கொண்டிருந்தன. மின்விசிறியை நாலடி தள்ளி மாட்டியிருந்தால் மாஸ்டர் வேறு மாதிரி மனிதராகியிருப்பார். அவர் மனைவிக்கும் அந்த வருஷம் கொஞ்சம் இனிமையாகக் கழிந்திருக்கும்.

ஜனவரியில் முதல் புத்தகம். துருவக் கடலில் பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொண்ட ஒரு கப்பலின் கதை. அதில் ஆட்கள் செருப்புத் தோலை வேக வைத்துத் தின்கிற இடத்துக்கு வந்தபோது மாணவர் ஒருவர் ஓடி வந்து, "மாஸ்டர், பாஸாயிட்டேன்" என்றார்.

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்து, "நீங்க ஆயிட்டீங்க. இவங்க என்ன ஆவாங்களோ" என்றார்.

அன்று அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்தது. அதுவரை வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்க நகைச்சுவையைத் தவிர எதையும் முழுசாகப் படிக்காத மனிதர், சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் அதைத் திறந்து வைத்து, பக்கம் மூடிவிடாமல் தண்ணீர்ச் செம்பைத் தூக்கி மேலே வைத்தார். பிப்ரவரியில் ஓர் அணை உடைந்தது. மார்ச்சில் ஒரு நகரம் பற்றி எரிந்தது. ஏப்ரல் முழுக்கக் கொள்ளை நோய். மே மாதம் ஒரு மலையுச்சிக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. வீட்டில் மாதங்களையே அப்படித்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். "அண்ணி, நான் பல்லு பிடுங்கினது எப்ப?" என்று மாஸ்டரின் தங்கை கேட்டால், "அணை உடைஞ்சதே, அதுக்கு அடுத்த வாரம்" என்று மனைவி பதில் சொல்வாள்.

படிக்கிறவர்கள் எல்லாருக்கும் சீக்கிரமோ தாமதமாகவோ ஒரு கொள்கை பிடித்துக்கொள்ளும். மாஸ்டருக்கு ஜூனில் பிடித்தது. எந்தப் பேரழிவை எடுத்துக்கொண்டாலும், புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கம் வருகிறது. அந்தப் பக்கத்தில் யாராவது ஒருவருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. கரையில் ஈரம் கசிவதை ஒரு காவலாளி பார்க்கிறான். வானத்தின் நிறம் சரியில்லை என்று ஒரு மாலுமி நினைக்கிறான். நினைத்துவிட்டு, நமக்கெதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொள்கிறான். மிச்சப் பக்கங்கள் முழுக்க அந்த மௌனத்தின் விளைவு.

"அந்தப் பக்கத்துலயே ஒருத்தன் கத்தியிருந்தா புத்தகமே இருந்திருக்காது" என்றார் மாஸ்டர் மனைவியிடம்.

"ரொம்ப நல்லதாப் போயிருக்கும்" என்றாள் அவள்.

வாயை மூடிக்கொண்டிருக்கும் அந்த ஆளாக மட்டும் தான் இருக்கப் போவதில்லை என்று மாஸ்டர் முடிவு செய்தார். வீட்டில் மெழுகுவர்த்திகள் பெருகின. எல்லா அறைகளிலும் ஒவ்வொரு டார்ச் முளைத்தது. ஒரு நாள் கடையிலிருந்து தடிமனான கயிற்றுச் சுருள் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"கயிறு எதுக்குங்க?"

"தீப்பிடிச்சா ஜன்னல் வழியா இறங்குறதுக்கு."

"நாம இருக்கிறது கீழ் வீடு."

மாஸ்டர் ஒரு கணம் யோசித்தார். "மேல் வீட்டுக்காரங்க கேட்டா குடுக்கலாம்" என்றார். கயிறு துணி உலர்த்தப் போயிற்று. அந்த வருஷத்தின் முன்னேற்பாடுகளில் உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

வீட்டோடு நின்றிருந்தால் இது ஒரு சுவாரசியமான பைத்தியம் என்று விட்டுவிடலாம். ஆனால் கொள்கை மனிதரோடு சேர்ந்து காரிலும் ஏறி உட்கார்ந்தது.

பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்து சீட்டில் மாஸ்டரின் காலடியில் ஒன்று. இரண்டையும் அடியில் ஒரு கம்பி சேர்க்கிறது. மாஸ்டர் தன் பெடலை மிதித்தால் மாணவரின் பெடலும் கூடவே கீழே இறங்கும். ஆபத்துக்கென்று வைத்த ஏற்பாடு. புத்தகங்களுக்கு முந்தைய மாஸ்டர் அதை அநேகமாகத் தொட்டதே இல்லை. அந்தக் காலத்தில் அவர் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு ஜன்னல் வழியே போர்டுகளைப் படித்துக்கொண்டிருப்பார். மத்தியான வகுப்புகளில் கண்ணையும் கொஞ்சம் மூடுவார். மனுஷன் தூங்குகிறாரோ என்ற பீதியில் மாணவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தாங்களே பிரேக் போட்டார்கள். அப்படியே கற்றும் கொண்டார்கள். அவர் பள்ளிக்கு நல்ல பெயர்.

ஜூனுக்குப் பிறகு மாஸ்டர் தூங்கவில்லை. கடலை நின்றது. தூரத்தில் ஒரு கதவு திறந்தால் அவருக்கு அது புத்தகத்தின் நடுவில் வருகிற அந்தப் பக்கம். ஒரு நாய் காதை ஆட்டினால் அதுவும் அந்தப் பக்கம். மாணவர் பார்ப்பதற்கு முன்பே மாஸ்டரின் கால் பெடலில் இருக்கும். வாய் பாட்டுக்குக் கப்பல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். கால் தன்பாட்டுக்கு மெல்ல மெல்ல அமுக்கும். திடீரென்று மிதித்தால் தெரிந்திருக்கும். அவர் பதமாக மிதித்தார். மாணவர் பிரேக்கின் மேல் காலைக் கொண்டுபோய் வைக்கிற நேரத்தில் அது ஏற்கனவே இறங்கிக்கொண்டிருக்கும். கார் என்றால் காலை வைத்தாலே நின்றுவிடும், பூ மாதிரி, என்று அவர்கள் நம்பினார்கள். தன் கால் என்ன செய்கிறது என்று மாஸ்டருக்கும் தெரியாது. கால் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு செய்கிற உறுப்பு அல்ல.

தேர்வில் அந்த சீட்டில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருப்பார். இன்ஸ்பெக்டர் புத்தகம் படிக்கிறவர் அல்ல. காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். மைதானத்தின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு முன்னால் நிறுத்த வேண்டும். மாஸ்டரின் மாணவர்கள் பிரேக்கின் மேல் பூப்போலக் காலை வைத்தார்கள். கார்கள் பூப்போலக் கோட்டைத் தாண்டின. வங்கி குமாஸ்தா தாண்டினார். தையல்காரர் தாண்டினார். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற ஒரு விரிவுரையாளர், கோடு என்ற ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளாதவர் மாதிரித் தாண்டினார்.

எதிர்த் தெருவில் இன்னொரு பயிற்சிப் பள்ளி வைத்திருக்கும் தொப்பிக்காரர் (வெயில் இல்லாத நாளிலும் அவர் தொப்பியைக் கழற்றிப் பார்த்தவர் கிடையாது) மைதானத்துச் சுவரில் சாய்ந்தபடி, "மாஸ்டர், உங்க பசங்களுக்காகக் கோட்டைத் தள்ளிப் போடச் சொல்லி மனு குடுப்போமா?" என்பார்.

"பயம்" என்பார் மாஸ்டர். "இந்தக் காலத்து ஆளுங்களுக்குத் தைரியம் இல்ல." ஒவ்வொரு மாணவரிடமும் அதையே சொல்லி அனுப்பினார். அவர்களும் பாவம், நம்பிக்கொண்டு போனார்கள். நகரத்திலேயே மிகவும் ஜாக்கிரதையான ஆசிரியர், நகரத்திலேயே நிறுத்தத் தெரியாத ஓட்டுநர்களைத் தயாரித்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் செப்டம்பரில் மாஸ்டரின் தங்கை வந்து, "அண்ணா, எனக்கும் கத்துக் குடு" என்றாள்.

தங்கை ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் வேண்டாம் என்று இருபத்தைந்து வயதில் சொல்லிவிட்டு, ஊரே ஆச்சரியப்படும்படி சொன்னபடியே இருந்தவள். அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டாலும் மாஸ்டருக்கு அவள் பாப்பாதான். ஆண்கள் வார்டில் எத்தனையோ வருஷமாக ஆட்களைத் தூக்கிப் புரட்டிப் படுக்க வைத்து அவள் முதுகு போயிருந்தது. முதுகைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை. அவளை அரித்தது வேறு.

"வார்டுல எல்லாருக்கும் நம்பர்தான், அண்ணி" என்று மனைவியிடம் சொல்வாள். "பன்னெண்டுக்கு ஊசி, பதினாலுக்குக் கட்டு. வீட்டுக்குப் போனப்புறம் அந்தப் பன்னெண்டு என்ன ஆனாருன்னு எனக்குத் தெரியாது. ஒரு தடவையாவது ஒரு ஆளை அவங்க வீட்டுல, அவங்க நாற்காலியில உக்காந்திருக்கிறதைப் பாக்கணும்."

ஆஸ்பத்திரி ஒரு புதுப் பிரிவைத் தொடங்கியது. எழுந்து வர முடியாத நோயாளிகளின் வீட்டுக்கு நர்ஸே போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, குழாய் மாற்றிவிட்டு வர வேண்டும். சின்னக் கார் ஒன்று தருவார்கள். ஓட்டுநர் தர மாட்டார்கள். முதல் பெயராகத் தங்கையின் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். வருஷம் முடிவதற்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், இரண்டாவது பெயராக இருந்த இளம் நர்ஸுக்கு அந்த இடம் போகும். அந்தப் பெண்ணிடம் லைசென்ஸ் ஏற்கனவே இருந்தது. இன்னொரு இடம் எப்போது திறக்கும் என்று கேட்டதற்கு, தலைமை நர்ஸ் கூரையைப் பார்த்தாளாம்.

மாஸ்டர் தங்கைக்கு மற்றவர்களை விடக் கூடுதல் அக்கறையோடு கற்றுக் கொடுத்தார். அதாவது கூடுதலாக அமுக்கினார். "அப்படித்தான் பாப்பா, கால வைச்சாப் போதும். உனக்குக் கை வந்த கலை." அவளும் அப்படித்தான் நினைத்தாள். அக்டோபர் கடைசியில் தேர்வுக்குப் போனாள். கோட்டைத் தாண்டினாள்.

திரும்பி வரும் வழியில் மாஸ்டர் ஆறுதல் சொன்னார். துருவத்தை எட்டிப் பிடிக்கிற தூரம் வரைக்கும் போய்விட்டு, சாப்பாடு போதாது என்று கணக்குப் போட்டுத் திரும்பி வந்த ஒரு தலைவனைப் பற்றிச் சொன்னார். "போயிருந்தா பேர் கெடைச்சிருக்கும். ஆனா திரும்பினாரு. கூட வந்த எல்லாரும் உயிரோட வீடு வந்தாங்க. அதுதான் பாப்பா பெரிய தைரியம்."

"அவருக்கு லைசென்ஸ் குடுத்தாங்களா?" என்று கேட்டாள் தங்கை.

நவம்பரில் மறுபடியும் போனாள். இந்த முறை பாதி டயர்தான் தாண்டியது. இன்ஸ்பெக்டர் கொஞ்சம் நல்ல மனிதர். கதவைத் திறந்து இறங்கி, கோட்டைக் கையால் காட்டினார்.

"இது எதுக்கும்மா போட்டிருக்கோம்?"

"கால வைச்சேன், சார்."

"வைக்கிறதுக்கு அது என்ன செருப்பா? மிதிக்கணும்."

சுவரோரத்தில் தொப்பிக்காரர் யாருக்கோ சொல்வதுபோல், "குடும்ப வழக்கம்" என்றார். ஒருவருக்கு மாதம் ஒரு தேதிதான் தருவார்கள்; வருஷம் முடிவதற்குள் அவளுக்கு இன்னும் ஒரே ஒரு தேர்வுதான் பாக்கி.

மாஸ்டர் படித்து முடித்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவதாக நூலகத்துக்குள் போனார். ஒரு புத்தகம் கொடுத்தால் நான்கைப் புரட்டிப் பார்க்காமல் அவர் வெளியே வர மாட்டார் என்பது தங்கைக்குத் தெரியும். ஓட்டுகிற பக்கம் வெயில் முகத்தில் அடித்தது. அவள் இறங்கிச் சுற்றி வந்து அண்ணனின் சீட்டில் உட்கார்ந்தாள். அழலாமா என்று பார்த்தாள். வரவில்லை. குனிந்தபடி கால்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ்களுக்குச் சில பழக்கங்கள் உண்டு. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே அந்த ஆளுக்கு எந்தக் காலில் வலி என்று அவள் சொல்லிவிடுவாள். வலிக்கிற காலின் செருப்பு அதிகம் தேய்வதில்லை. இங்கே அண்ணன் பக்கத்து பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஒரு மூலையில் இரும்பே தெரிந்தது. எழுந்து மறுபடி சுற்றிப் போனாள். ஓட்டுகிறவர் பக்கத்து பிரேக்கில் மே மாதம் மாற்றிய ரப்பரின் வரிவரியான கோடுகள் கடையில் வாங்கிய மாதிரியே இருந்தன. அவள் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

மாஸ்டர் பாலைவனம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணா, உன் பக்கத்து பிரேக் ரப்பரை எப்ப மாத்துன?"

"மாத்தினதே இல்ல. அதுக்கு என்ன வேலை? ஆபத்துக்குன்னு வைச்சது."

"ரொம்ப ஆபத்து வந்திருக்கு போல."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். தங்கையின் பக்கம் போய் அங்கேயும் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மீண்டும் பார்த்தார். ஒரு புத்தகத்தை நடுவில் திறந்த மனிதரின் முகம் அவருக்கு அப்போது இருந்தது.

"நான் அமுக்கலைன்னா அன்னைக்குக் குறுக்க வந்த நாய் மேல நீ ஏத்தியிருப்ப" என்றார் கடைசியில்.

"ஏத்தியிருந்தா அடுத்த தடவை நின்னிருப்பேன்."

"நாய்?"

"நாய்க்கு அடுத்த தடவை இருந்திருக்காது. அது வேற விஷயம்." அவள் சாவியை அவரிடம் நீட்டினாள். "இத்தனை மாசமா எத்தனை பேர்கிட்ட பயம்னு சொல்லி அனுப்புன, அண்ணா?"

மாஸ்டர் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். வழியில் ஒரே ஒரு தடவை, "அந்த விரிவுரையாளர் அழுதுட்டாரு" என்று சொன்னார்.

எல்லா முன்ஜாக்கிரதையையும் எடுத்து, அதனாலேயே விபத்துக்கு வழி பண்ணிய ஒருவனைப் பற்றி அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் புத்தகங்களில் வருவதில்லை என்பதற்குக் காரணம் இருக்கலாம். பெரும்பாலும் அவர்கள்தான் அவற்றை எழுதுகிறார்கள்.

தவறு தெரிந்துவிட்டால் திருத்துவது எளிது என்று நினைப்பவர்கள் காலைப் பற்றி அறியாதவர்கள். மறுநாள் காலை மாஸ்டர் மிதிக்க மாட்டேன் என்று உறுதி சொல்லி ஏறினார். முதல் முனையிலேயே மிதித்தார். செருப்பைக் கழற்றினார். வெறுங்காலால் மிதித்தார். கால்களைச் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பால்காரரின் சைக்கிள் குறுக்கே வந்தது. சம்மணத்திலிருந்து ஒரு கால் பாம்பு மாதிரி இறங்கி வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வந்தது.

"கண்ணை மூடிக்கோ" என்றாள் தங்கை.

"கண்ணை மூடினா இன்னும் மோசமாத் தெரியுது."

அவள் காரை ஓரமாக நிறுத்தி, பின்சீட்டில் கிடந்த பாலைவனத்தை எடுத்து அவர் மடியில் போட்டாள். "படி."

"இப்பவா?"

"சத்தமாப் படி. உன் குரல் கேட்டுக்கிட்டே இருந்தா நீ புத்தகத்தைப் பாக்குறேன்னு அர்த்தம். நின்னுச்சுன்னா ரோட்டைப் பாக்குறேன்னு தெரிஞ்சுப்பேன்."

அன்று சாயங்காலம் இதைக் கேட்டு மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு வருஷமா படிக்காதீங்கன்னு நான் தொண்டை கிழியச் சொல்றேன். உங்க தங்கச்சி ஓடுற வண்டியில உக்காந்து படிக்கச் சொல்றா. நீங்க ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதான், சந்தேகமே இல்ல."

அப்படியாக டிசம்பரில் தேர்வு வரைக்கும், காலையில் டூட்டிக்கு முன்னாலும் மாலையில் டூட்டிக்குப் பின்னாலும், ஒரு பயிற்சிக் கார் தெருக்களில் ஒட்டகக் கூட்டத்தோடு போனது. நடுத்தர வயதுப் பெண் ஓட்ட, பக்கத்தில் அவளை விட வயதான ஆள் சம்மணம் போட்டு உரக்க வாசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, சிக்னலில் நின்ற பஸ் பயணிகள் வேண்டுதல் ஏதோ என்று நினைத்தார்கள்.

"'காலையில் எழுந்து பார்த்தபோது தண்ணீர்த் தோல்பைகளில் ஒன்று'..." குரல் நின்றது.

"அண்ணா, படி."

"சிக்னல்..."

"சிக்னல் எனக்கும் தெரியுது. தோல்பை என்ன ஆச்சு?"

"கிழிஞ்சு போச்சு."

"உன்னை யாரு சொல்லச் சொன்னா? படி."

அவர் படித்தார். கார் ஒரு குலுக்கலோடு கோட்டுக்கு முன்னால் நின்றது. முதல் நாட்களில் நின்ற இடங்கள் எல்லாம் விசித்திரமாக இருந்தன. சிக்னலுக்கு வெகு முன்னால் நிற்பாள். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடிப்பார்கள். சில சமயம் கொஞ்சம் தாண்டுவாள். அப்போது மாஸ்டரின் குரல் நடுங்கும், ஆனால் வரி விடாது. ஒட்டகம் செத்துக்கொண்டிருந்த இடத்தை அவர் வாசித்த வேகத்தைக் கேட்டால் யாருக்கும் ஒட்டகத்தின் மேல் இரக்கம் வந்திருக்காது.

தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள், ஒடுக்கமான கடைத்தெரு. புத்தகத்தில், ஒட்டகக் கூட்டத்தின் வழிகாட்டி வழி தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் கட்டம். மாஸ்டர் நிஜமாகவே கதைக்குள் போயிருந்தார். ஒரு பெயிண்டர் நீண்ட ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்திலிருந்து பின்பக்கமாகத் தெருவுக்குள் வந்தார். தங்கை மிதித்தாள். பெல்ட் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டது. புத்தகத்தைப் பிடிக்க யாரும் இல்லை. அது முன்கண்ணாடியில் மோதிக் கீழே பெடல்களுக்கு நடுவே விழுந்தது. ஏணியின் முனை கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி ஆடிக்கொண்டிருந்தது. பெயிண்டர் திரும்பிப் பார்த்து, காரில் ஒருவர் சம்மணம் போட்டிருப்பதைக் கண்டு, கும்பிடுவதா திட்டுவதா என்று புரியாமல் போய்விட்டார்.

"என்ன ஆச்சு?" என்றார் மாஸ்டர்.

"ஏணி."

"நான் பாக்கவே இல்லையே."

"நான் பாத்தேன்." அவள் குனிந்து பெடல்களுக்கு நடுவிலிருந்து புத்தகத்தை எடுத்து அவர் மடியில் போட்டாள். "எந்த இடத்துல விட்ட?"

"பக்கம் போச்சு, பாப்பா."

"தேடு. வழிகாட்டி பொய் சொல்றானா நிஜமாத் தெரியலையான்னு எனக்குத் தெரியணும்."

தேர்வு நாளன்று மாஸ்டர் நூலகத்துக்குப் போகவில்லை. சுவரோரமாகத் தொப்பிக்காரருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன மாஸ்டர், இன்னைக்கு எவ்வளவு தாண்டும்னு பந்தயம் வைப்போமா?"

"என் தங்கச்சி. சும்மா இருங்க."

தொப்பிக்காரர் சும்மா இருந்தார். கார் கிளம்பியது. வளைவில் திரும்பியது. மேட்டில் ஏறிப் பாதியில் நின்று, பின்னால் உருளாமல் மறுபடி ஏறியது. பிறகு நேர்பாதையில் வெள்ளைக் கோட்டை நோக்கி வந்தது. மாஸ்டருக்குத் தூரம் தெரியும், வேகம் தெரியும். இந்த வேகத்துக்கு எந்த இடத்தில் மிதிக்க வேண்டும் என்று அவர் காலுக்குத் தெரியும். அந்த இடம் வந்தது. போனது. கார் வந்துகொண்டே இருந்தது.

"மாஸ்டர்" என்றார் தொப்பிக்காரர் மெதுவாக. "அது என் கால்."

கார் நின்றது. கோட்டுக்கு முன்னால், கொஞ்சம் வெடுக்கென்று. உள்ளே இன்ஸ்பெக்டரின் தலை ஒருமுறை முன்னால் போய் வந்தது தெரிந்தது. மாஸ்டர் தொப்பிக்காரரின் காலை விடுவித்து, மன்னிப்புக் கேட்டார். தொப்பிக்காரர் செருப்பைக் கழற்றிப் பெருவிரலைத் தேய்த்துக்கொண்டே, "பரவாயில்ல. நின்னுட்டாங்கல்ல" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கும் சந்தோஷமாக இருந்த மாதிரிதான் தெரிந்தது. போட்டியாளர்களிடம் இது ஒரு குறை. எப்போதும் போட்டியாளர்களாகவே இருக்க அவர்களால் முடிவதில்லை.

இன்ஸ்பெக்டர் இறங்கிக் கழுத்தைத் தடவினார். "யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"எங்க அண்ணா, சார்."

"நிறுத்தத்தான் சொன்னேன், கண்ணாடியைத் தலையால உடைக்கச் சொல்லலைன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வருஷம் முடிய ஒரு வாரம் இருந்தது. தங்கை நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தாளைக் காட்டினாள். தலைமை நர்ஸ் இந்த முறை கூரையைப் பார்க்கவில்லை.

தோற்றுப்போன பழைய மாணவர்கள் எல்லாருக்கும் மாஸ்டரின் மனைவி போன் செய்தாள். "தப்பு எங்க மேல, மாஸ்டர் மேல. திரும்ப வாங்க, சும்மாவே சொல்லித் தருவாரு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அந்த வாக்கியத்தை அவள் கொஞ்சமும் அலுப்பில்லாமல், ஏன், ருசித்தே சொன்னதாக மாஸ்டருக்குப் பட்டது. தையல்காரர் வந்தார். விரிவுரையாளர் தன் பிழை எங்கே என்று தெரிந்ததில் நிம்மதியடைந்து, பிரேக்கின் கம்பி எப்படி வேலை செய்கிறது என்று படம் வரைந்து காட்டினார். வங்கி குமாஸ்தா, தான் பஸ்ஸில் போகப் பழகிவிட்டதாகவும் உண்மையில் அதுதான் பிடித்திருக்கிறது என்றும் சொன்னார். ஆனாலும் குமாஸ்தாவின் மனைவி விடவில்லை, அவர் வந்தார்.

மாஸ்டர் படிப்பதை நிறுத்தவில்லை. ஜனவரியில் ஒரு பூகம்பத்தை எடுத்து வந்தார். பெடலில் புது ரப்பர் போட்டார். போட்டதோடு சரி, இடது தொடைக்கு அடியில் வலது பாதத்தை மடித்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். ஒரு மணி நேரம் கழித்து இறங்கும்போது கால் மரத்துப் போயிருக்கும்; நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் வருவார்.

தங்கையின் முதல் வேலைநாள் அன்று, நல்லபடியாகப் போகிறாளா என்று கொஞ்ச தூரம் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம் என்பது அவர் திட்டம். மனைவி அதே நேரத்துக்கு வங்கி குமாஸ்தாவுக்கு வகுப்புப் போட்டுவிட்டாள். வேண்டுமென்றே போட்டதுதான்.

"அவளுக்கு வழி தெரியுமோ என்னமோ" என்றார் மாஸ்டர்.

"கேட்டுக்குவா. வாயிருக்கு. நீங்க அவரைக் கூட்டிட்டுப் போங்க."

குமாஸ்தா ஓட்டினார். நான்கு தெரு கூடும் முனை ஒன்றை நெருங்கும்போது, குறுக்குத் தெருவிலிருந்து ஒரு சின்ன வெள்ளைக் கார், கதவில் ஆஸ்பத்திரியின் பெயரோடு, வந்தது. வழி அதற்குத்தான். குமாஸ்தா நிறுத்த வேண்டும். மாஸ்டரின் பாதம் தொடைக்கு அடியில் துடித்தது. அவர் அதன்மேல் அழுந்த உட்கார்ந்தார். குமாஸ்தா மிதித்தார். கார் குலுங்கி நின்றது. வெள்ளைக் கார் அவர்கள் முன்னால், அவசரமில்லாமல், கடந்து போனது. பக்கத்து சீட்டில் மருந்துப் பெட்டி இருந்தது. தங்கை நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"மாஸ்டர், அது உங்க தங்கச்சிதானே?" என்றார் குமாஸ்தா. "ஒரு ஹார்ன் அடிச்சிருக்கலாம். பாக்காமயே போறாங்களே."

மாஸ்டர் அந்த வெள்ளைக் கார் அடுத்த முனையில் நின்று, பார்த்து, திரும்பி மறைகிற வரைக்கும் அதையே பார்த்தார்.

"அவ ரோட்டைப் பாக்குறா" என்றார். "நீங்களும் பாருங்க. பின்னால நிக்கிறாங்க, எடுங்க."